முன்கள வீராங்கனையின் தொழில் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் கால்பந்தில் ஃபார்வர்டாக வர ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோல் போடுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் நடுவில் வரும் காலத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. காயம், ஒப்பந்தம், அணியிலிருந்து நீக்கம், குழந்தைப்பேறு எல்லாம் அந்த நடுக்காலத்தில்தான் வருகின்றன. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஃபார்வர்ட், ஸ்ட்ரைக்கர், விங்கர் எல்லாம் ஒன்றுதானா?

ஃபார்வர்ட் என்பது பொதுப்பெயர். எதிரணி கோலுக்கு அருகில் ஆடுகிற எல்லோருக்கும் அது பொருந்தும். அவர்களில் நடுவில் நின்று கோலுக்கு முகம் கொடுப்பவர் ஸ்ட்ரைக்கர். பெரும்பாலும் 9-ஆம் எண் ஜெர்சி அவருடையது. கோட்டோரமாகப் பந்தை ஓட்டிச் சென்று கிராஸ் (ஓரத்திலிருந்து கோல்முன் தூக்கிப் போடும் பந்து) கொடுப்பவரும், உள்ளே வெட்டி வந்து அடிப்பவரும் விங்கர். ஸ்ட்ரைக்கருக்குச் சற்றுப் பின்னால் நின்று, அவருக்கும் நடுக்களத்துக்கும் பாலமாக ஆடுபவரும் உண்டு.

ஒரே ஆள் ஒரு வாழ்நாளில் மூன்று இடத்திலும் ஆடலாம். கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர் நாட்டு அணிக்காக 190 கோல் போட்டவர். சர்வதேச ஆட்டங்களில் ஆண், பெண் யாருமே அந்த எண்ணைத் தொட்டதில்லை. அவரே கடைசி ஆண்டுகளில் கொஞ்சம் பின்னால் இறங்கி, மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற வேலையைச் செய்தார்.

கோல் போட்டால் போதாதா? வேறு என்ன வேலை இருக்கிறது?

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு ஸ்ட்ரைக்கரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் பந்தில்லாத வேலை. எதிரணியின் டிஃபெண்டரை (தடுப்பாட்டக்காரரை) ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினால் இன்னொரு பக்கம் தோழிக்கு வழி திறக்கும். எதிரணி கோல்கீப்பர் பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துப் பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது முதலில் பாய்ந்து நெருக்குவதும் ஃபார்வர்ட்தான். முதுகில் டிஃபெண்டரைத் தாங்கிக்கொண்டு, நீளமாக வரும் பந்தை நிறுத்தி, தன் அணி மேலே வரும்வரை காப்பாற்ற வேண்டும்.

இதெல்லாம் மறுநாள் செய்தியில் வராது. ஆனால் பயிற்சியாளர் அணியை எழுதும்போது இதைத்தான் பார்க்கிறார். கோல் வராத நாளிலும் உங்களை ஏன் களத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த வேலைதான் பதில்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? பதினைந்தில் தொடங்கினால் தாமதமா?

ஆறு, ஏழு வயதில் பந்தோடு பழகிய பிள்ளைக்கு முதல் டச் (தன்னிடம் வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது) இயல்பாக வரும், அதை மறுக்க முடியாது. ஆனால் நேர்வழியில் மட்டும் வராதவர்களும் இருக்கிறார்கள். ஸாம்பியாவின் பார்ப்ரா பண்டா இடையில் குத்துச்சண்டையிலும் இறங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) போட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

மறுபக்கம், மிக இளமையில் வந்தவர் கொலம்பியாவின் லிண்டா கைசெடோ. 14 வயதிலேயே மூத்தோர் (வயது வரம்பில்லாத) லீகில் ஆடினார். 15-இல் சூலகத்தில் (கருமுட்டைப் பையில்) புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்துத் திரும்பி வந்து, 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை, ஓராண்டுக்குள் 20 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர், மூத்தோர் என்று மூன்று உலகக் கோப்பைகளிலும் ஆடினார். மூன்றாவதில் ஜெர்மனிக்கு எதிராக அவர் போட்ட கோலை நான் இன்னும் எடுத்துப் பார்ப்பேன்.

பிரேசிலின் மார்த்தா 14 வயதில் தன் சிற்றூரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குப் பஸ் ஏறியவர். உலகக் கோப்பைகளில் மட்டும் 17 கோல்; ஆண்களிலும் அதற்கு மேல் யாரும் போட்டதில்லை. அவர் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவதற்குச் சட்டத் தடை இருந்தது: 1941 முதல் 1979 வரை.

சரி, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? வேகம் இருந்தால் நுட்பத்தைக் கற்றுக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு காலாலும் அடிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே காலை நம்பியிருக்கும் ஃபார்வர்டை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று நல்ல டிஃபெண்டருக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். மிகச் சிலரைத் தவிர, இந்தத் தொழிலில் சேர்க்கும் பணம் வாழ்நாள் முழுவதும் வராது. இரண்டையும் சேர்த்தே செய்தவர்கள் இருக்கிறார்கள். நாடியா நாதிம் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர். தாலிபான்கள் தந்தையைக் கொன்றபின் தாயோடும் சகோதரிகளோடும் தப்பி டென்மார்க் வந்தார். அகதிகள் முகாமில் தங்கியிருந்தபோதுதான் பந்தைத் தொட்டார். டென்மார்க் நாட்டு அணியின் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து 2022-இல் டாக்டரானார். இங்கிலாந்துக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய எனியோலா அலுகோ சட்டம் படித்து வழக்கறிஞரானவர்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கால்பந்து வழியாகத் தொழில்முறைக்கு வருவது நெடுங்காலப் பழக்கம். கல்வி உதவித்தொகையோடு நான்கு ஆண்டு ஆட்டமும் கிடைக்கும். ஐரோப்பாவில் கிளப்களின் இளையோர் அணிகள் வழியாக வருவதே வழக்கம். எந்த வழியில் போனாலும் ஒரு பட்டமோ தொழிற்படிப்போ கையில் இருக்கட்டும். காயத்தில் படுத்திருக்கும் மாதங்களில் அதன் அருமை தெரியும்.

முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்விகளிலேயே இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கையெழுத்துப் போடும் நாளில் எல்லோரும் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

முதலில், யார் தொழில்முறை வீராங்கனை என்பதற்கு உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வைத்திருக்கும் அளவுகோல் எளியது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆட்டத்துக்காக அவர் செய்யும் செலவைவிட அதிகமாகப் பணம் தரப்பட வேண்டும். பயணப்படியும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் கொடுத்துவிட்டு 'எங்கள் தொழில்முறை வீராங்கனை' என்று ஒரு கிளப் சொன்னால் அது பேச்சு மட்டும்தான்.

காலத்தைப் பாருங்கள். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயது நிறையாதவர்களுக்கு 3 ஆண்டுக்கு மேல் செல்லாது. நீண்ட ஒப்பந்தம் பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் வேகமாக வளரும் இளம் ஃபார்வர்ட், குறைந்த சம்பளத்தில் ஐந்து ஆண்டு மாட்டிக்கொள்வதும் அதே நீளத்தால்தான். என்னைக் கேட்டால் முதல் ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டு நல்ல அளவு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு கையெழுத்திடும் உரிமை உங்களுக்கு வந்துவிடும்.

மருத்துவச் சோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். 'மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்று ஒப்பந்தத்துக்குள் நிபந்தனை போட ஃபிஃபா விதி இடம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

அப்புறம் சம்பளப் பாக்கி. கிளப் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அதற்கும் தரவில்லையென்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் ஆறு மாதம், எட்டு மாதம் பொறுத்துக்கொண்டு ஆடுகிறவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கவே மாட்டார்கள்.

காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அறுவை சிகிச்சையை எங்கே செய்வது என்று யார் முடிவெடுப்பது, காய காலத்தில் சம்பளம் முழுதாக வருமா, தங்குமிடம் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். கோலுக்குப் போனஸ் தருகிறேன் என்று ஆசை காட்டுவார்கள். ஃபார்வர்டுக்கு அது இனிக்கும்தான். ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துவிட்டுப் போனஸை ஏற்றினால், ஒரு முழங்கால் காயத்தில் இரண்டும் போய்விடும்.

முகவர் வேண்டுமா?

முதல் ஒப்பந்தத்துக்கு ஒரு நல்ல வழக்கறிஞர் போதும். வெளிநாட்டுக்குப் போகும்போதும் பெரிய கிளப் கேட்கும்போதும் முகவர் உதவுவார். 2023 முதல் முகவர்களுக்கு ஃபிஃபா தேர்வும் உரிமமும் மறுபடி வந்துவிட்டன. உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயது வராத பிள்ளையைப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தேடிவந்து பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

உச்சியில் இருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது. உச்சியில் நடப்பது மலைக்க வைக்கும். 2024 பிப்ரவரியில் ஸாம்பியாவின் ரேச்சல் குண்டனஞ்சியை ஸ்பெயின் கிளப்பிடமிருந்து வாங்க அமெரிக்காவின் பே எஃப்சி சுமார் 7,35,000 யூரோ கொடுத்தது. பெண்கள் கால்பந்தில் அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. 2025 ஜூலையில் 20 வயது ஒலிவியா ஸ்மித் லிவர்பூலிலிருந்து ஆர்சனலுக்குப் போனபோது விலை 10 லட்சம் பவுண்ட். அடுத்த மாதமே மெக்சிகோவின் லிஸ்பெத் ஒவாயேவுக்கு ஆர்லாண்டோ பிரைடு 15 லட்சம் டாலர் தந்தது. மூவருமே ஃபார்வர்ட்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இது கிளப்புக்குக் கிளப் கைமாறும் பணம், வீராங்கனையின் சம்பளம் அல்ல.

சம்பளம் எப்படி ஏறியது என்பதற்கு அமெரிக்காவின் என்டபிள்யூஎஸ்எல் லீகைப் பாருங்கள். 2013-இல் அது தொடங்கியபோது குறைந்தபட்சச் சம்பளம் ஒரு சீசனுக்கு 6,000 டாலர். வீராங்கனைகள் குடும்பங்களோடு தங்கிக்கொண்டும், வேறு வேலை பார்த்துக்கொண்டும் ஆடினார்கள். 2025-இல் அது 48,500 டாலர். யாரும் தானாகக் கொடுத்ததல்ல. வீராங்கனைகள் சங்கம் உட்கார்ந்து பேசி வாங்கியது.

அந்த லீகுக்கு முன் அங்கே இரண்டு தொழில்முறை லீகுகள் வந்து மூடப்பட்டன. ஒன்று 2001 முதல் 2003 வரை, இன்னொன்று 2009-இல் தொடங்கி 2012-இல் முடிந்தது. ஒரு கிளப்பின் சம்பளத்தைப் பார்க்கும்போது அந்த லீக் நிற்குமா என்பதையும் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆண்களுக்கு இணையான பணம் என்றைக்காவது வருமா?

நாட்டு அணி அளவில் சில இடங்களில் வந்துவிட்டது. அமெரிக்க வீராங்கனைகள் 2016-இல் புகார் கொடுத்து, 2019-இல் வழக்குப் போட்டு, 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான ஒப்பந்தங்கள் அறிவிக்கப்பட்டன. உலகக் கோப்பைப் பரிசுத் தொகை இன்னும் தூரத்தில்தான்: 2022 ஆண்கள் போட்டிக்கு 44 கோடி டாலர், 2023 பெண்கள் போட்டிக்கு 11 கோடி டாலர். ஆனாலும் 2019-இல் பெண்களுக்கு அது 3 கோடிதான்.

'பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது' என்ற பழைய வாதத்துக்கு பார்சிலோனாவில் 2022 ஏப்ரலில் பதில் கிடைத்தது. வொல்ஃப்ஸ்புர்க் அணியோடு நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களுக்கான போட்டி) அரையிறுதிக்கு 91,648 பேர் வந்திருந்தார்கள். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921-இல் பெண்களுக்கு மைதானங்களை மூடியது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகே திறந்தது. ஐம்பது ஆண்டு பூட்டி வைத்துவிட்டு, வளரவில்லையே என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

வெளிநாட்டு கிளப்புக்கு எப்போது போகலாம்?

18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மேலே சொன்ன கைசெடோவை ரியல் மாட்ரிட் அறிவித்தது அவர் 18-ஐத் தொட்ட அதே வாரத்தில்தான். அதற்கு முன்பே 'வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறேன்' என்று பணம் கேட்பவர் வந்தால் அது ஏமாற்று வேலை.

போனபின் மொழி தெரியாமல் தவிப்பதுதான் முதல் ஆறு மாதத்தின் பெரிய சுமை. களத்தில் ஒரு ஃபார்வர்டுக்குத் தேவையான சொற்கள் இருபதுதான். ஆளிருக்கிறது, திரும்பு, விடு, அடி, இவ்வளவே. அதைப் போகும் முன்பே கற்றுக்கொள்ளலாம்.

பல ஆட்டமாகக் கோல் வரவில்லை. என்ன செய்வது?

வறட்சி வராத ஸ்ட்ரைக்கர் யாரும் இல்லை. ஆஸ்திரேலியாவின் சாம் கெர் 2020-இல் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு வந்தபோது, ஆஸ்திரேலிய லீகிலும் அமெரிக்க லீகிலும் அதிக கோல் விருதை வாங்கியவர். வந்த ஆண்டு ஆகஸ்டில் வெம்பிளியில் நடந்த கம்யூனிட்டி ஷீல்டில் வாய்ப்பு மேல் வாய்ப்பாகத் தவறவிட்டார். அந்தத் தவறுகளைத் தொகுத்து ஆளாளுக்குப் பரப்பினார்கள். அதே சீசனில் லீகில் 21 கோல் போட்டு, மூன்றாவது கண்டத்திலும் அந்த விருதை வாங்கினார்.

வறட்சியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இது: வாய்ப்பே வரவில்லையா, வந்து தவறுகிறதா? வந்து தவறினால் பயப்பட வேண்டாம். சரியான இடத்தில் நிற்கிறீர்கள், கோல் வந்து சேரும். வாய்ப்பே வரவில்லையென்றால்தான் வீடியோ பார்த்து ஓட்டத்தை மாற்ற வேண்டும். பயிற்சி முடிந்தபின் தனியாக நூறு பந்து அடிப்பதைவிட, கிராஸ் கொடுக்கும் தோழியோடு பத்து பந்து சேர்ந்து பழகுவது அதிகம் உதவும். எப்போது அவர் தலையைத் தூக்குகிறார் என்பது தெரிந்தால் உங்கள் ஓட்டம் அரை நொடி முந்தும். பெனால்டி பாக்ஸுக்குள் அரை நொடி போதும்.

பெனால்டியை ஸ்ட்ரைக்கர்தான் அடிக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. பதினொரு மீட்டரில் மனம் பதறாதவர் யாரோ அவர் அடிக்கட்டும். நான்கில் மூன்று பெனால்டி கோலாகிறது. நான்காவது தவறும்போது அழாதீர்கள், கணக்கே அப்படித்தான்.

பெரிய போட்டிக்கு என்னை எடுக்கவில்லை. இனி வாய்ப்பு உண்டா?

இங்கிலாந்தின் பெத் மீடை 2021-இல் நடந்த ஒலிம்பிக்கின் பிரிட்டன் அணிக்கு எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோ 2022-இல் 6 கோல் போட்டு, அதிக கோல் விருதும் தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. இங்கிலாந்து கோப்பையை வென்றது.

அதே தொடரில் இன்னொரு கதையும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியின் அலெக்ஸாண்ட்ரா பாப் காயத்தால் 2013, 2017 யூரோ இரண்டையும் தவறவிட்டவர். 31 வயதில் முதன்முறையாக யூரோ ஆட வந்து, அரையிறுதி வரை ஐந்து ஆட்டத்திலும் கோல் போட்டு, மீடுக்குச் சமமாக ஆறில் நின்றார். இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன், வார்ம்-அப்பில் தசை பிடித்துக்கொண்டது. ஆட முடியவில்லை. ஜெர்மனி தோற்றது. அதன் பிறகும் இரண்டு ஆண்டு நாட்டு அணிக்கு ஆடி, பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்.

முழங்கால் காயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார், எல்லோரும் ஏசிஎல் என்று சொல்வது, பெண்களுக்குக் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது: வேகத்தில் திரும்பும்போது, ஒற்றைக் காலில் குதித்திறங்கும்போது, சட்டென நிற்கும்போது. ஃபார்வர்டின் வேலையே இந்த மூன்றும்தான்.

2022 நவம்பரில் ஆர்சனலின் பெத் மீடுக்கு, டிசம்பரில் அதே அணியின் விவியானா மீடெமாவுக்கு, 2024 ஜனவரியில் சாம் கெருக்கு என்று வரிசையாகக் கிழிந்தது. கெர் களத்துக்குத் திரும்ப ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. நார்வேயின் அடா ஹெகர்பெர்க் 2018-இல், உலகின் சிறந்த வீராங்கனைக்குத் தரும் பாலோன் தோர் விருதை முதல் பெண்ணாக வாங்கியவர். 2020 ஜனவரியில் காயப்பட்டு, 2021 அக்டோபரில்தான் திரும்பினார். 2022 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லியோனுக்காக கோல் போட்டார்.

காரணம் என்ன? இடுப்பு முழங்கால் அமைப்பு, தொடைத் தசைகளின் பலம், ஹார்மோன் மாற்றம், ஆண்களின் பாதத்துக்காக வடிவமைத்த பூட்ஸ், மோசமான மைதானம், போதிய பலப் பயிற்சி இல்லாமை என்று பலவற்றைச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இவற்றில் நம் கையில் இருப்பது பயிற்சியும் ஓய்வும். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை இருபது நிமிடம் எடுக்கும். பந்தைத் தவிர வேறு கருவி எதுவும் பெரிதாகத் தேவையில்லை. தவறாமல் செய்கிற அணிகளில் காயங்கள் குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. உங்கள் பயிற்சியாளர் அதைச் செய்யவில்லையென்றால் பெற்றோர் போய்க் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிழிந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் பின் 9 முதல் 12 மாதம். 'ஆறு மாதத்தில் ஆட வைக்கிறேன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒன்பது மாதத்துக்கு முன் களமிறங்கினால் மறுபடி கிழியும் அபாயம் கணிசமாக ஏறுகிறது. அந்த மாதங்கள் தனிமையானவை. அணியோடு பயணம் இல்லை, உடைமாற்றும் அறையின் பேச்சு இல்லை. கிளப் விடுகிறதோ இல்லையோ, ஆட்டம் பார்க்கவாவது போங்கள்.

மாதவிடாய் நாள்களில் ஆடலாமா?

ஆடலாம். வலி அதிகமிருந்தால் சொல்லி ஓய்வெடுக்கவும் உரிமை உண்டு. மாதவிடாய்க் காரணமாக விலகியிருக்கும் நாள்களுக்கும் சம்பளம் என்பது 2024-இல் ஃபிஃபா விதியில் வந்துவிட்டது. உணவைக் குறைத்து மாதவிடாயே நின்றுபோனால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. எலும்பு முறிவில் கொண்டுபோய்விடும், மருத்துவரைப் பாருங்கள். 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து வெள்ளை அரைக்கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது வீராங்கனைகள் மனம்விட்டுப் பேசியதால்.

குழந்தை பெற்றுக்கொண்டால் தொழில் முடிந்துவிடுமா?

முடிய வேண்டியதில்லை. 2021 ஜனவரி 1 முதல் ஃபிஃபா விதியில் குறைந்தபட்சப் பாதுகாப்பு இருக்கிறது: சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு 14 வார விடுப்பு, அதில் குறைந்தது 8 வாரம் பிரசவத்துக்குப் பின். கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறித்தால் கிளப்புக்குத் தண்டனை. கர்ப்பமாகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடவும் கூடாது. குறைந்தபட்சம் இது, நாட்டுச் சட்டம் அதிகமாகத் தந்தால் அதுவே பொருந்தும்.

அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் 2020 மே மாதம் மகளைப் பெற்றார். நவம்பரில் லண்டனில் டாட்டன்ஹாமுக்கு ஆடினார். 2022-இல் 15 கோலோடு அமெரிக்க லீகின் அதிக கோல் விருதை வாங்கினார், தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக. உடம்பு திரும்ப ஒவ்வொருவருக்கும் வேறு வேறு காலம் எடுக்கும். மார்கனின் ஆறு மாதத்தை இன்னொருவருக்குக் கெடுவாக வைப்பது அநியாயம்.

பயிற்சியாளரோ அதிகாரியோ தவறாக நடந்தால்?

பொறுத்துக்கொண்டால்தான் இடம் என்ற பேச்சைக் கேட்காதீர்கள். 2023 உலகக் கோப்பை இறுதி முடிந்து மேடையில் ஸ்பெயினின் ஃபார்வர்ட் ஜென்னி எர்மோசோவை அந்நாட்டுச் சங்கத் தலைவர் சம்மதமின்றி முத்தமிட்டார். நாட்டின் அதிக கோல் போட்டவருக்கே, உலகம் பார்க்க அது நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் அவர் பக்கம் நின்று, தலைமை மாறும்வரை நாட்டுக்கு ஆட மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். தலைவர் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைப் பாலியல் அத்துமீறல் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது.

உங்களுக்கு நேர்ந்தால் தேதி, இடம், நடந்தது மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். கிளப்புக்கு வெளியே ஒருவரிடம் சொல்லுங்கள். வீராங்கனைகள் சங்கம் இருந்தால் முதல் தொலைபேசி அங்கே போகட்டும்.

நாட்டு அணி கூப்பிட்டால் மறுக்கலாமா?

மறுத்தவர்கள் உண்டு. ஹெகர்பெர்க் 2017-இல் நார்வே அணியிலிருந்து விலகினார்; பெண்கள் கால்பந்தைச் சங்கம் நடத்தும் விதம் சரியில்லை என்பது அவர் மனக்குறை. அதனால் 2019 உலகக் கோப்பையே போனது. 2022-இல் திரும்பி வந்து முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் போட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய கிளப் இருந்தது. அந்த ஆதரவு இல்லாத இளையவர் தனியாக இந்த முடிவை எடுக்க வேண்டாம். அணியாகச் சேர்ந்து பேசட்டும்.

எத்தனை வயதுவரை ஆடலாம்?

முப்பதைத் தாண்டினால் முதலில் குறைவது அந்த முதல் ஐந்து அடியின் வேகம். விங்கருக்கு அது பெரிய இழப்பு, ஸ்ட்ரைக்கருக்கு அவ்வளவில்லை. சின்க்ளேர் 16 வயதில் நாட்டு அணிக்கு வந்து, 40 வயதில் அங்கிருந்து விடைபெற்று, 41-இல் கிளப்பிலிருந்தும் ஓய்வு பெற்றார். மார்த்தா 38 வயதில், 2024-இல், ஆர்லாண்டோவுக்குத் தலைமை தாங்கி லீக் கோப்பையைத் தூக்கினார். இவர்கள் விதிவிலக்கு. முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றில் ஒரு திட்டம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பின் என்ன?

பயிற்சியாளர் உரிமம், வர்ணனை, கிளப் நிர்வாகம், சொந்தத் தொழில். எனக்கு மிகவும் பிடித்தது பிர்கிட் பிரின்ஸ் தேர்ந்தெடுத்த வழி. ஜெர்மனிக்காக 128 கோல், இரண்டு உலகக் கோப்பை வெற்றி, மூன்று முறை உலகின் சிறந்த வீராங்கனை. உளவியல் படித்து, கால்பந்து வீரர்களுக்கே விளையாட்டு உளவியலாளர் ஆனார். பயிற்சியாளர் உரிமம் எடுக்க நினைப்பவர்கள் ஆடும் காலத்திலேயே முதல் படியை முடித்துவிடுங்கள். பின்னால் வரிசையில் நிற்க வேண்டாம்.

கற்றுக்கொள்ள ஒரே ஒரு கோலைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

2011 ஜூலை 10, டிரெஸ்டன், உலகக் கோப்பைக் காலிறுதி, பிரேசிலோடு அமெரிக்கா. அமெரிக்கா ஒரு ஆள் குறைவாக, கூடுதல் நேரத்தில் 1–2 பின்தங்கியிருக்கிறது. 122-ஆம் நிமிடம். மேகன் ரப்பினோ இடப்பக்கத்திலிருந்து இடக்காலால் நீளமான கிராஸ் போடுகிறார். பந்தை விடுங்கள், ஆபி வாம்பாக்கை மட்டும் பாருங்கள். பந்து நடுக்களத்தில் இருக்கும்போதே அவர் தூரக் கம்பத்தை நோக்கி நகரத் தொடங்கிவிடுகிறார். வெளியே வந்த கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் பந்து போகிறது. அது வந்து சேரும் இடத்தில் வாம்பாக் தலை இருக்கிறது. 2–2. பிறகு பெனால்டியில் அமெரிக்கா வென்றது. நாட்டுக்காக அவர் போட்ட 184 கோலில் 77 தலையால் வந்தவை. முதலில் இயல்பான வேகத்தில் ஒருமுறை பாருங்கள். அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு, பந்து வலப்பக்கத்தில் இருக்கும் நொடியிலிருந்து அவர் ஓட்டத்தை மட்டும் மறுபடி பாருங்கள்.